புதன்கிழமைக்காரி

பிப்ரவரி 9

சுண்டெலிக்கு,

முகத்தில் அடித்தாற்போல் போனை வைத்துவிட்டாய். மறுபடி இரண்டு தரம் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்புறம் உன் வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வருகிறது: "அவ இனிமே போன்ல பேசமாட்டாளாம். வேணும்னா லெட்டர் போடச் சொல்றா." ஆறு மாதக் கர்ப்பிணி சொன்னால் மறுபேச்சு ஏது? தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் கேட்டதும் அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தக் காலத்தில் லெட்டரா என்று அவளுக்கு ஆச்சரியம்.

"நீ எங்கிட்ட பேசல, வேலை பாக்குற" என்றாய். யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அழுகை வருகிறதா என்று வரிசையாகக் கேட்டது வாஸ்தவம்தான். பதினொரு வீட்டுக்கு வாராவாரம் போய் இதையே கேட்கிற வாய் இது. ஒரு பெண் வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது ஆகும்வரை, அவள் மனசையும் பிள்ளை மனசையும் கூடவே இருந்து பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. தங்கை என்று வந்தால் வாயை மாற்றி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அதற்கு மன்னித்துவிடு.

ஆனால் போனை வைக்கும்முன் இன்னொன்று சொன்னாயே, "புதன்கிழமை வர்ற அக்கா இப்படியெல்லாம் கேக்கமாட்டாங்க" என்று. அது என்னை இரண்டு நாளாகப் பிடுங்கித் தின்கிறது. உங்கள் ஊரிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது, கிளினிக்கில் உன் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள், யாரோ ஒருத்தி வருகிறாள் என்று புரிகிறது. நல்ல விஷயம். வேறு யார் வீடாக இருந்தாலும் நல்ல விஷயம் என்றுதான் சொல்வேன். ஆனால் அவள் எப்படி உனக்கு அக்கா ஆனாள்? பதினொரு வயதிலிருந்து உன்னை இடுப்பில் சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து போனவள் நான். அந்தப் பெயருக்கு நான் பட்ட பாடு கொஞ்சமா?

இத்துடன் தாயின் மனசு எப்படி இருக்கிறது என்று அளக்கும் எங்கள் பத்துக் கேள்வித் தாளை வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்பு. உனக்கு இது புதிதல்ல. என் பயிற்சிக் காலத்தில் நீதானே என்னுடைய முதல் 'தாய்'? வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பத்துக் கேள்விக்கும் பத்து விதமாக அழுது காட்டி என் உயிரை வாங்கினாய். கூட்டுத்தொகை குறைவாக இருந்தால் நல்லது, பதிமூன்றைத் தாண்டினால் உடனே ஆள் போக வேண்டும், உயிரை விட்டுவிடத் தோன்றுகிறதா என்ற பத்தாவது கேள்விக்கு 'இல்லை' தவிர வேறு எதில் டிக் விழுந்தாலும் போக வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உனக்குத்தான் மனப்பாடம்.

உன் அக்கா (ஒரே அக்கா)


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

அடைப்புக்குறிக்குள் போட்டதைப் படித்துவிட்டு இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க அக்காவுக்கு வயித்தெரிச்சல்" என்றார். நான் உனக்காகப் பரிந்து பேசினேன் என்று நினைத்துவிடாதே. பேசவில்லை.

இங்கே எல்லாம் சுகம். லிஃப்ட் மெக்கானிக்கின் பெண்டாட்டி, லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்று மாடி ஏறி இறங்குகிறாள் என்பது ஒன்றுதான் குறை. கண்ணாடிக் கடைக்கு இந்த மாதக் கடைசியோடு லீவு சொல்லிவிட்டேன். லென்ஸைத் தேய்க்கும் மெஷினுக்கும் எனக்கும் நடுவில் வயிறு வந்து நிற்கிறது. கடைக்காரர் எனக்குப் பதில் ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார். அவள் என் ஸ்டூலில் உட்கார்ந்து என் கத்தரியை எடுத்தபோது அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது. நாம் ஒரே ரத்தம்தான், சந்தேகமே இல்லை.

சரி, புதன்கிழமை அம்மா. அக்கா என்று இனிச் சொல்லவில்லை, போதுமா? ஐம்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றிச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு வருவார். தண்ணீர் மட்டும் குடிப்பார். "இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி. அப்புறம் நான் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தில் எனக்கே வாய் துறுதுறுத்து எதையாவது சொல்லிவிடுகிறேன். இவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "லிஃப்ட் நின்னா ஆளுங்க இப்படித்தாங்க கத்துவாங்க. முதல்ல நான் வெளிய நின்னு பேச்சு குடுப்பேன்" என்றார் இவர். அந்த அம்மா சிரிக்கவில்லை. அதுதான் சரியான வழி என்றார்.

அவர் கேட்ட ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. "உங்க அம்மாவுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் மனசு சரியில்லாம போச்சா? அது தெரிஞ்சா உங்களைப் பாத்துக்கறது எனக்குச் சுலபம்." நான் பிறந்த சமயத்தில் கண்ணால் பார்த்தவள் நீ ஒருத்திதான் இப்போது இருக்கிறாய். எழுது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உன் பதினொரு வீட்டிலும் உன்னை என்னவென்று கூப்பிடுகிறார்கள்? அக்கா என்றுதானே? நான் எப்போதாவது கேட்டேனா? என் கல்யாணத்தன்றுகூட இரட்டைக் குழந்தைக்காரிக்குப் பால் கட்டிக்கொண்டது என்று அரை மணி நேரம் மண்டபத்துக்கு வெளியே போனும் கையுமாக நின்றாய். போட்டோ எல்லாவற்றிலும் என் பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அந்தப் பதினொரு பேர் மேலும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் நான் லெட்டர் போட்டு நியாயம் கேட்கவில்லை.

தாள் நிரப்பிவிட்டேன். கூட்டுத்தொகை பூஜ்யம். பார்த்துச் சந்தோஷப்படு.

சுண்டெலி


மார்ச் 3

சுண்டெலிக்கு,

பூஜ்யத்தைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது. என் பதினொரு வீட்டில் ஒருத்தி, ஒரே ஒருத்திகூட, இதுவரை பூஜ்யம் வாங்கியதில்லை. ஆபீசில் எல்லோரிடமும் காட்டிவிட்டேன். என் வளர்ப்பு என்று சொல்லிக்கொண்டேன். மேற்பார்வையாளர் மட்டும் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சிக்கு இந்தத் தாள் முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். எதற்குக் கேட்டாரோ தெரியவில்லை. அவருக்கு என் மேல் எப்போதும் ஒரு சந்தேகக் கண்.

அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. களைப்பாக இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் களைப்பு இருக்காதா? அந்த அம்மாளிடம் இல்லை என்றே சொல்லிவிடு. முன்பின் தெரியாத ஒருத்தி நம் அம்மாவைப் பற்றிக் குறிப்பு எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை.

கல்யாண நாளில் நான் செய்தது தப்பு. அதற்குச் சாக்குச் சொல்லமாட்டேன்.

பிரசவத்துக்கு வந்துவிடுகிறேன். ரயிலில் இரண்டு நாள் என்றாலும் பரவாயில்லை. கூட ஒன்பது நாள் இருப்பேன். நீ விரலைக்கூட அசைக்க வேண்டாம்.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

நீ ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

சொன்னபடியே செய்தாய். ஒன்பது நாளும் நான் விரலை அசைக்கவில்லை. குளிப்பாட்டியது நீ, துடைத்தது நீ, தூங்கவைத்தது நீ. என் உருண்டைப் பயல் 'ம்' என்றால் போதும், நான் எழுந்து உட்கார்வதற்குள் அவன் உன் தோளில் இருப்பான். பாலுக்கு மட்டும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாய். குடித்து முடித்ததும் வாங்கிக்கொண்டாய். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் "பெரியம்மா கைக்கு வந்தா கப்சிப்னு ஆயிடுறானே" என்றார்கள். உன் முகம் பூரித்துப் போனது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீ கவனித்தாய். போர்வையை இழுத்துவிட்டாய்.

அந்தப் புதன்கிழமை நான் தூங்கவில்லை, அக்கா. உள்ளறையில் எல்லாம் கேட்டது. நீ அவரை உள்ளேகூட விடவில்லை. "நான் இவளோட சொந்த அக்கா. இதே வேலைதான் பாக்குறேன். உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?" என்றாய். அவர் கோபப்படவில்லை. "சரிங்க. அவங்களுக்கு வேணும்னு தோணுனா எப்ப வேணா கூப்பிடச் சொல்லுங்க" என்றார். எழுந்து வந்து "இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உடம்பில் தெம்பில்லை. 

இப்போது நீயும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டு மணி வரை வீறிட்டு அழுகிறான். நான் தூக்கினால் முதுகை வில்லாக வளைத்துத் தலையை அங்கும் இங்கும் திருப்புகிறான். உன்னைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும். என் மகன் என் கையில் இருந்துகொண்டு உன்னைத் தேடுகிறான். உன்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

புதன்கிழமை அம்மா வரட்டுமா? உன்னிடம் அனுமதி கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளாதே. கேட்கிறேன், அவ்வளவுதான்.

தங்கை


ஜூன் 15

தங்கைக்கு,

சுண்டெலி என்று கையெழுத்துப் போடக்கூட மனசு வரவில்லையா உனக்கு?

அழுகிற பிள்ளையைத் தூக்கியது குற்றமா? எனக்குக் கைராசி என்று பதினொரு வீட்டிலும் சொல்கிறார்கள். ரொட்டிக் கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி இருக்கிறாள். நான் படியேறும் சத்தம் கேட்டாலே அவள் பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். அவள் என்னைப் பார்த்துக் கும்பிடுவாள். நீ என்னடா என்றால் கணக்குத் தீர்க்கிறாய். உன் உடம்பு தேறட்டும் என்று முதுகு ஒடிய ஒன்பது நாள் நின்றதற்கு இதுதான் கூலி போலிருக்கிறது.

நான் மறைக்கவில்லை. அந்த அம்மாள் கதவருகே வந்து நின்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைத் தாண்டி உள்ளறையைத்தான் பார்த்தாள். உன்னை எனக்கு அறிமுகம் செய்துவைக்க வந்தவள் மாதிரி, "அவங்களுக்குக் காலையில கொஞ்சம் வெளிச்சம் பிடிக்கும், திரையை விலக்கி விடுங்க" என்றாள். என் தங்கைக்கு எது பிடிக்கும் என்று எனக்கே சொல்கிறாள்!

அவள் வர வேண்டாம். ஜூலை முதல் வாரம் இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நானே வருகிறேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொள். ஆறிலிருந்து எட்டு வரை அழுவது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, மூன்று மாதத்தில் நின்றுவிடும். அவன் யாரையும் தேடவில்லை.

அக்கா


ஜூலை 19

அக்கா,

நீ வரவில்லை. இரட்டைக் குழந்தைக்காரிக்கு உடம்புக்கு முடியவில்லை, விட்டுவிட்டு வர முடியாது என்று செய்தி போட்டிருந்தாய். புரிகிறது. அவளுக்கு நீ வேண்டும்.

புதன்கிழமை அம்மாவிடம் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ சொன்னபடிதான்.

இவர் இரண்டு ஷிப்ட் பார்க்கிறார். இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. உருண்டை கனம் கூடியிருக்கிறான். உன் தாள் ஒன்று மிச்சம் இருந்தது, நிரப்பி வைத்திருக்கிறேன். பூஜ்யம்தான்.

அவனுக்கு என்னைவிட நீதான் பொருத்தம். அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

சுண்டெலி


ஜூலை 26, ஞாயிறு

சுண்டெலி, என் தங்கமே,

உன் கடிதம் நேற்றே வந்திருக்கிறது. நான் ஒரு வீட்டில் யாருடைய பிள்ளையையோ மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று காலைதான் பிரித்தேன்.

பென்சிலால் நிரப்பியிருக்கிறாய். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பத்தாவது கேள்விக்கு நீ முதலில் டிக் போட்ட இடம் வேறு. அழித்திருக்கிறாய். தடம் தெரிகிறது.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரர் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் வர ஒரு மணி நேரமாகும். நான் வர இரண்டு நாளாகும். யாரைக் கூப்பிட வேண்டுமோ அவரையும் கூப்பிட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், ஒன்று இப்படி, இல்லை அப்படி. அது தெரிந்தும் எழுதுகிறேன். சும்மா உட்கார முடியவில்லை. யார் கதவைத் தட்டினாலும் திற. நான் சொன்னதை எல்லாம் விட்டுத்தள்ளு. திற.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இவர் உனக்குச் சொல்லியிருப்பார். இருந்தாலும் என் கையெழுத்தில் பார்த்தால்தான் நீ நம்புவாய்.

நீ ரயிலேறுகிறேன் என்றபோது இவரிடம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னது நான்தான். உன்மேல் கோபத்தில் இல்லை. நீ வந்தால் மறுபடி போர்வையை இழுத்துவிடுவாய், நான் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டிருந்தாய். பன்னிரண்டு மணி இருக்கும். உருண்டையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை டாக்டரிடம் சொல்லியாயிற்று. உனக்கு எழுதமாட்டேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. புதன்கிழமைக்காரி ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. "நான் இங்க படியில உக்காந்திருக்கேன். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. தோணும்போது திறங்க" என்றார். அப்புறம் தன் முழங்கால் வலியைப் பற்றி, மூன்று மாடி ஏறியதைப் பற்றி, என்னவோ பேசிக்கொண்டிருந்தார். எதுவும் என்னைத் தொடவில்லை. கடைசியில் சொன்னார்: "உங்க அக்கா போன் பண்ணாங்க. பேச முடியாம அழுதாங்க."

நீ அழுது நான் பார்த்ததில்லை. அப்பா போனபோது அழவில்லை, அம்மா போனபோது அழவில்லை. என்னைக் கல்யாணம் செய்து அனுப்பும்போதுகூடப் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தாய். என் முன்னால் ஒரு சொட்டு விடாதவள், அவரிடம் போய் அழுதிருக்கிறாள். எனக்கு அப்படியொரு பொறாமை வந்தது. வயிறு பற்றி எரிந்தது. பல நாளாக ஒன்றும் உணராமல் கிடந்தவளுக்கு அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது. அந்த ஆத்திரத்தில்தான் எழுந்து வந்து கதவைத் திறந்தேன். "எங்க அக்கா உங்ககிட்ட ஏன் அழுதா?" என்று கேட்டேன். அவர் எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "உள்ள வரலாமா?" என்றார். அதற்குள் இவரும் கிரீஸ் கையோடு மாடியேறி ஓடிவந்தார்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துக்கொள்ளும் வார்டு. மாத்திரை சாப்பிடுகிறேன், பால் கொடுக்கத் தடையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறிலிருந்து எட்டு மணி அழுகையை இவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். வெளியே நின்று பேச்சுக் கொடுக்கிறார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த அம்மா என் மகனை இதுவரை ஒரு தரம்கூடத் தூக்கியதில்லை. பிள்ளை அழும்போது இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொள்வார். ஆரம்பத்தில் எனக்குக் கோபமாக வரும், அவர் தூக்கினால் என்ன என்று. "உங்க குரல் கேட்டதும் தலை திரும்புது பாத்தீங்களா? இந்த வீட்ல அவனுக்கு அந்த ஒரு குரல்தான் தெரியும்" என்பார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவன் முதுகை வளைத்துத் தேடியது உன்னை இல்லை. பயத்தில் நான் விறைத்துப்போய்த் தூக்கியிருக்கிறேன். நான் இளகினால் அவனும் இளகுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்தான், அக்கா. என் முகத்தைத்தான். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

தாளை நிரப்பினேன், மனப்பாடம் செய்ததை மறந்துவிட்டு. முதல் தரம் இருபத்தி மூன்று. போன வாரம் பதினொன்று.

அவர் சொன்னது இன்னொன்று. "உங்க அக்கா போன்ல உங்க அம்மாவைப் பத்தி ஒண்ணு சொன்னாங்க. அதை நான் சொல்றது சரியில்ல. அவங்ககிட்டயே கேளுங்க." மார்ச்சில் என்னிடம் இல்லை என்று எழுதியதை ஜூலையில் அவரிடம் சொல்லியிருக்கிறாய். கேட்கிறேன். அம்மாவுக்கு என்ன ஆயிற்று?

சுண்டெலி


அக்டோபர் 2

சுண்டெலிக்கு,

நீ எழுதியதை ஆபீசில் உட்கார்ந்து படித்தேன். அன்று மூன்று வீட்டுக்குப் போக வேண்டும். போகவில்லை.

நீ பிறந்ததும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான்கு மாதம் எழுந்திருக்கவில்லை. உன்னைப் பார்க்கமாட்டாள். பக்கத்தில் கொண்டுபோனால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்பா வேலைக்குப் போய்விடுவார். நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு உன்னை வைத்துக்கொண்டிருந்தேன். புட்டிப்பால் கலக்கினேன், துணி அலசினேன். உனக்குப் பேதியானபோது கைக்குட்டையை நனைத்து வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிழிந்துவிட்டுக் காப்பாற்றினேன். இதைக் களைப்பு என்று உனக்கு எழுதினேன். ஒரு வீட்டில் ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே குறிப்பில் சிவப்புக் கோடு போட்டிருப்பேன். பதிமூன்று வருஷமாக இந்த வேலை பார்க்கிற நான் என் சொந்தத் தங்கையிடம் மறைத்தேன்.

ஏன் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற என்று சொன்னால் அழகாக இருக்கும். அது உண்மையில்லை.

பக்கத்துத் தெரு நர்ஸ் ஒருத்தி அம்மாவைப் பார்க்க வர ஆரம்பித்தாள். தினமும் வந்து தலைமாட்டில் உட்காருவாள். ஒரு நாள் காலை அம்மா எழுந்து தலையை வாரிக்கொண்டு, நான் நின்ற இடத்துக்கு நடந்து வந்தாள். என் இடுப்பிலிருந்து உன்னை எடுத்தாள். நீ அழவில்லை. அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாய். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அம்மாவைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் படுத்தே கிடந்திருக்கலாம் என்று நினைத்தேன். பதினொரு வயசுப் பெண் தன் தாய் தேறியதற்காகக் கொல்லைப்புறத்தில் போய் அழுதாள். அன்றைக்குத்தான் நான் கடைசியாக அழுதது, ஜூலை வரை. அந்த நர்ஸை நான் மன்னிக்கவே இல்லை. உன் வாசலில் உன் புதன்கிழமைக்காரியைப் பார்த்ததும் அவள்தான் திரும்பி வந்து நிற்கிறாள் என்று தோன்றியது.

உனக்கு அம்மாவின் கதையைச் சொன்னால், அவள் ஒரு நோயிலிருந்து தேறி உன்னிடம் வந்தவள் என்று உனக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், உன்னை வளர்த்தவள் நான் மட்டும்தான். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நேற்று ரொட்டிக் கம்பெனிப் பெண் வீட்டுக்குப் போனேன். பிள்ளை அழுதது. பழக்கதோஷத்தில் கை நீண்டுவிட்டது. அவள் அதற்குள் பின்னால் நகர்ந்து எனக்கு வழிவிட்டுவிட்டாள். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் நகர்ந்திருக்கிறாள், நான் கைராசி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் வீடுகளுக்குப் போகாமல் பயிற்சிக்குத் திரும்பப் போகச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

அக்கா


அடுத்த வருஷம், நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதிமூன்று மாதம் எழுதாமல் இருந்தேன். முதல் நான்கு மாதம் கோபம். அம்மா என்னை வேண்டாம் என்று நினைத்தாள் என்றே வளர்ந்தவள் நான். எல்லா விஷயத்துக்கும் உன்னிடம்தான் ஓடுவாள், என்னிடம் பட்டும் படாமலும் இருப்பாள். அவளுக்கு என்னிடம் வரக் கூச்சமாக இருந்திருக்கிறது. தப்பு செய்தவள் மாதிரி ஒதுங்கியிருக்கிறாள். இது தெரிந்திருந்தால் அவள் இருக்கும்போதே ஒரு நாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதை நீ எடுத்துக்கொண்டாய். அதைத் திருப்பித் தர உன்னால் முடியாது. இதை எழுதாமல் மேலே எழுத முடியாது என்பதால் எழுதினேன்.

அதற்கப்புறம் எழுதாததற்குக் காரணம் சோம்பல்தான். வேலைக்குப் போகிறேன். என் ஸ்டூல் திரும்பக் கிடைத்தது.

உருண்டைக்கு ஒன்றரை வயது. உருண்டை இப்போது இல்லை, குச்சியாகிவிட்டான். கோபம் வந்தால் தரையில் விழுந்து காலை உதைக்கிறான். இவர் தூக்கிச் சமாதானம் செய்யப் போவார். நான் விடுவதில்லை, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு "உனக்குக் கோபம் வந்திருக்கு, தெரியுது" என்பேன். ஓய்ந்ததும் அவனே வந்து மடியில் ஏறுவான். அந்த அம்மா இப்போது மாதம் ஒரு முறை வருகிறார், முதல் புதன்கிழமை. மூன்று வயது வரை வருவாராம். அடுத்த பிள்ளை வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல், இந்தத் தரம் முதல் நாளிலிருந்தே பார்ப்போம் என்றார். யோசிக்கிறோம். அப்படி ஒன்று நடந்தால் அம்மாவைப் பற்றி அவருக்கு முழுதாகத் தெரிய வேண்டும். எனக்குக் கேள்விப்பட்டதுதான் தெரியும். பார்த்தவள் நீ.

வருகிறாயா?

வருமுன் தெரிந்துகொள். அவனுக்கு உன்னைத் தெரியாது. புது முகம் பார்த்தால் வீறிட்டு அழுகிற வயசு. உன்னைப் பார்த்து அழுவான். அந்த அம்மாவைப் பார்த்தால் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வான். இரண்டும் உன் கண்ணெதிரே நடக்கும். என்னால் அதை உனக்காக மாற்ற முடியாது, மாற்றவும் மாட்டேன். தாங்கிக்கொண்டு உட்கார முடியும் என்றால் வா.

சுண்டெலி


நவம்பர் 17

சுண்டெலிக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து சேருவேன். மறுநாள் முதல் புதன். தெரிந்தேதான் எடுத்தேன்.

அம்மா எப்படிப் படுத்திருந்தாள், எத்தனை நாள் சாப்பிடவில்லை, எப்படி எழுந்தாள் என்று எல்லாவற்றையும் அவர் முன்னால் சொல்கிறேன். நீ பக்கத்தில் இரு. நடுவில் நான் எதையாவது பூசி மெழுகினால் உனக்குத் தெரிந்துவிடும், நிறுத்திக் கேள். நீ சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்தவோ மறுக்கவோ எனக்கு வழியில்லை. உன்னிடமிருந்து நான் எடுத்தது எடுத்ததுதான்.

அவன் என்னைப் பார்த்து அழட்டும். அழுதுகொண்டே உன்னிடம் ஓடுவான் அல்லவா, அதைப் பார்க்கத்தான் இரண்டு நாள் ரயிலில் வருகிறேன்.

பொறாமை போய்விட்டதா என்று மட்டும் கேட்டுவிடாதே. போகவில்லை. அவன் அந்த அம்மாளின் காலைக் கட்டிக்கொள்வான் என்று நீ எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். அதற்கும் சேர்த்து ஒரு தலையணை எடுத்து வை.

அக்கா